மிதித்துப் பார்த்து வாங்கிய டிராக்டர்

எங்கள் வீட்டு டிராக்டரை நான் கலர் பார்த்து எடுத்தேன் என்றுதான் என் பிறந்த வீட்டில் இன்றைக்கும் பேச்சு. கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்கள். "டிராக்டருக்கும் ஜாக்கெட் துணிக்கும் வித்தியாசம் தெரியாம வாங்கினவளாச்சே!" நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அன்றைக்கு நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்து இப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நான் ஆரணிப் பட்டுத்தறி வீட்டுப் பெண். வாக்கப்பட்டது பெரணமல்லூர்ப் பக்கம், எங்கள் உறவிலேயே நிலம் நீச்சு வைத்திருந்த வீட்டில். பிறந்த வீட்டில் கால் தறிக்குழியில், புகுந்த வீட்டில் கால் சேற்றில். கல்யாணமான புதிதில், எழுபதுகளில், எங்கள் ஊருக்குள் முதல் டிராக்டர் வந்தது. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தேன். தேருக்குப் பின்னால் போவதுபோல ஜனம் அதன் பின்னாலேயே ஓடியது. டீசல் வாசனையும் புரண்ட ஈர மண்ணின் வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், இப்போது நினைத்தாலும் மூக்கில் வந்து நிற்கிறது. அன்றைக்கு அதை வேடிக்கை பார்த்தேனே தவிர, நம் வீட்டு வாசலில் ஒன்று நிற்கும் என்று கனவுகூடக் கண்டதில்லை.

எண்பதுகள் வந்தபோது எங்கள் பக்கத்தில் டிராக்டர் வாங்குவது பெண் பார்ப்பதைவிடப் பெரிய பேச்சாகிவிட்டது. யாரும் கம்பெனி பேர் சொல்ல மாட்டார்கள். சிவப்பு வண்டி, நீல வண்டி, அவ்வளவுதான். டீக்கடை பெஞ்சில் சிவப்புக் கட்சி ஒரு பக்கம், நீலக் கட்சி ஒரு பக்கம். "செவப்பு டீசல் குடிக்கும், ஆனா எந்தச் சேத்துலயும் இஸ்த்துகினு போவும்" என்பார் ஒருத்தர். "இஸ்த்துகினு போயி இன்னா பண்றது, ரிப்பேர் ஆனா சாமானுக்கு மெட்ராஸுக்கு ஓடணும். நீலத்துக்கு வேலூர்லயே கெடைக்குது" என்பார் இன்னொருத்தர். விற்கும்போது எது விலை போகும், வாடகைக்கு எதைக் கூப்பிடுவார்கள், எது டிப்பரோடு கரும்பு ஏற்றும் என்று பொழுது சாயும் வரைக்கும் சண்டை. அப்போதுதான் சின்ன வண்டி என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. உருவமும் சிறிசு, ஹெச்.பி.யும் கம்மி. அதற்குக் கட்சியே கிடையாது. பொம்மை வண்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் எந்தக் கட்சியிலும் இல்லை. அவருக்கு மாடுதான் எல்லாம். ஆனாலும் ஆசைக்கு, ஊருக்குள் வாடகைக்கு வருகிற வண்டியின் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு டிராக்டர் ஓட்டக் கற்று வைத்திருந்தார். நன்றாகவே ஓட்டுவார். அப்படி இருந்த மனுஷன் ஒரு தை மாதம் வைக்கோல் போர் போடும்போது உச்சியிலிருந்து விழுந்தார். இடது தொடை எலும்பு போய்விட்டது. மாவுக்கட்டு, படுக்கை, எண்ணெய் என்று எல்லாம் முடிந்து எழுந்தார். எழுந்தாரே ஒழிய அது பழைய கால் இல்லை. முட்டி சரியாக மடங்காது. ஊன்றி அழுத்தினால் நடுங்கும்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் இறங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார். பார்க்கிறவர்கள் "பரவால்லயே, நல்லா தேறிட்டாரு" என்பார்கள். வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் கை சுவரைத் தேடும். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். எத்தனை தரம் கேட்டாலும் அந்த ஒரே ஒண்ணுமில்லதான். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்தச் சுவரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஆள் வைத்து ஒரு போகம் ஓட்டிப் பார்த்தோம். சரிப்படவில்லை. நமக்கு வேண்டிய நாளில் ஆள் வரமாட்டான், வந்த நாளில் ஏரித் தண்ணி வராது. அப்புறம் இருந்தது இரண்டே வழி. ஒரு டிராக்டர் வாங்கி உட்கார்ந்தபடி உழுவது. இல்லையென்றால் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு விட்டுவிட்டு, ஆரணிக்கு வந்து என் அண்ணன் நிழலில் பிழைப்பது. அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார். "வா மாப்ள, கடையில கணக்கு பாத்துகினு இரு. உனக்கு இல்லாத இடமா?" இவர் முகம் செத்துவிட்டது. மச்சான் வீட்டுச் சோறு எவ்வளவு ருசியாக இருந்தாலும் தொண்டையில் நிற்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது வேறு, சட்டி பானையோடு போவது வேறு.

டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன்தான் கையெழுத்துப் போட வேண்டும். "போடறேன், ஆனா பொருள நான் பாத்துத்தான் போடுவேன்" என்றார். சேடை ஓட்டுகிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கட்டி வயலைச் சேறாக உழுது வைத்தால்தான் நடவு. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் இவரும் ஆரணிக்கு வந்து இறங்கினோம். நான் எதற்கு என்றால், நல்ல காரியத்துக்கு வீட்டுப் பெண் மஞ்சள் குங்குமத்தோடு கூட இருக்க வேண்டுமாம். பித்தளைத் தட்டில் பூவும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவள் நான்.

முதலில் சிவப்பு வண்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். என் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டுத் தொழிலில் எல்லாமே எடை. தறிக்காரருக்குப் பட்டுநூலை எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்து வந்த புடவையை எடை போட்டு வாங்குவார்கள். புடவையை உள்ளங்கையில் வைத்து ஏந்தினாலே இது இவ்வளவு பெறும் என்று அண்ணன் சொல்லிவிடுவார். அந்தக் கையால் டிராக்டர் மட்கார்டை ஒரு தட்டுத் தட்டினார்.

"எடை எவ்ளோ வரும்?"

விற்கிறவர் முழித்தார். ஹெச்.பி. கேட்பார்கள், டீசல் கேட்பார்கள், எடையையே முதல் கேள்வியாகக் கேட்டவரை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. தேடிப் பார்த்துச் சொன்னார். அண்ணனுக்குத் திருப்தி. அதோடு விட்டாரா? கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பெயிண்டைத் தேய்தேய் என்று தேய்த்தார். சாயம் போகிறதா என்று பார்க்கிறாராம்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், மானம் போகிறதே என்று எரிச்சல் ஒரு பக்கம். "இதான் மாப்ள வண்டி. ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், எறந்தாலும் ஆயிரம் பொன். நாளைக்கு இரும்பு வெலைக்குப் போட்டாலும் காசு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"ஏறி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்று விற்கிறவர் இவரிடம் சாவியை நீட்டினார்.

"வேணாங்க. பாத்தாலே தெரியுது" என்றார் இவர்.

"இன்னா மாப்ள, புதுப்பொண்ணு கணக்கா வெக்கப்படற?" என்று அண்ணன் முதுகில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். காலை வேளை, வெயில்கூட ஏறவில்லை. இவர் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. டிராக்டரில் இடது காலுக்குக் கீழே ஒரு மிதி இருக்கிறது, கிளட்ச் என்பார்கள். அதை அடி வரைக்கும் அழுத்திப் பிடித்தால்தான் கியர் போடமுடியும். கற்றுக்கொண்ட காலத்தில் இவரே என்னிடம் பெருமையாகச் சொன்னதுதான். இடது கால்! அத்தனை நாளாக ஊரே கூடி ஒப்பிட்டதே, டீசல், எடை, சாமான், விலை, வாடகை என்று, அந்த மிதி எவ்வளவு கனம் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்க வேண்டியவரோ வாய் திறக்க மாட்டார். மச்சான் முன்னால் ஏறி, கால் நடுங்கி, வண்டி குலுங்கி நின்றால் அப்புறம் அவர் எந்த வண்டிப் பக்கமும் வரமாட்டார். நிலம் அன்றைக்கே போன மாதிரிதான். என்ன செய்வேன் சொல்லுங்கள். என் கையில் இருந்தது ஒரு தட்டும் எலுமிச்சம்பழமும்.

புது வண்டி வாங்கினால் வீட்டுப் பெண் முதலில் ஏறிக் கால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கிய பிறகு செய்வது. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "ண்ணா, நான் ஏறிப் பாக்கறேன்."

"இன்னும் வாங்கவே இல்லியே பாப்பா!"

"ராசி பாக்க வேணாவா? கால் வெச்சா எனக்குத் தெரிஞ்சிடும்."

ராசி என்ற பேச்சுக்கு அண்ணன் மறுபேச்சுப் பேசமாட்டார். "சரி சரி, வலது கால வெச்சி ஏறு" என்றார். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பியது. எவனோ விசில்கூட அடித்தான், நாசமாய்ப் போகிறவன். ஏறியது வலது காலால். உட்கார்ந்ததும் இடது காலை அந்த மிதியில் வைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் வரைக்கும் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்தவள் நான். தறிக்குழியில் காலை விட்டு மிதிகட்டையை நாள் முழுக்க மிதிக்க வேண்டும். காலையில் லேசாக இருக்கிற மிதி சாயங்காலம் என்ன கனம் கனக்கும் என்று என் காலுக்குத் தெரியும். அந்தக் காலால் சிவப்பு வண்டியின் கிளட்சை அழுத்தினேன். அசையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பலங்கொண்ட மட்டும் அழுத்தினேன். பாதி போயிற்று, அதற்குள் தொடை விண்ணென்று இழுத்தது. இறங்கிவிட்டேன். "ராசி இல்லண்ணா" என்றேன்.

அடுத்து நீல வண்டி. அதுவும் அப்படித்தான், கொஞ்சம் பரவாயில்லை. அடி வரைக்கும் போயிற்று. ஆனால் பிடித்து வைக்க முடியவில்லை, உதைத்துத் தள்ளியது. "இதுவும் ராசி இல்ல" என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேஜார் புடிச்ச ராசி இது! ஜாதகம் எடுத்தாந்து பாக்கலாமா?" என்று கத்தினார். இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "இன்னொரு நாள் வரலாம் மே. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார் என்னிடம் மட்டும். என்னை எப்போதும் மே என்றுதான் கூப்பிடுவார். இன்னொரு நாள் என்று ஒன்று வராது என்று எனக்குத் தெரியாதா?

"வந்தது வந்தோம், அந்தச் சின்ன வண்டியையும் பாத்துட்டுப் போயிடலாங்க" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

வந்தவாசி ரோட்டில் ஒரு தகர ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. மாம்பழ மஞ்சள் நிறம். பக்கத்தில் நின்றால் அண்ணனின் தோள் உயரம்தான். அண்ணன் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். எடை கேட்டார். சொன்னார்கள்.

"இது டிராக்டரா, இல்ல டிராக்டர் போட்ட குட்டியா?"

"கடுகு சிறுத்தாலும் காரம் கொறையாதுங்க" என்றார் அங்கே இருந்தவர். டீசல் பாதிதான் குடிக்குமாம், சின்னச் சின்னக் கழனியில் வரப்பு உடையாமல் திரும்புமாம், எடை கம்மி என்பதால் சேற்றில் புதையாதாம். நான் எதையும் காதில் வாங்கவில்லை. வலது காலை வைத்து ஏறினேன், இடது காலால் மிதித்தேன்.

போயிற்று. அப்பா தறியில் காலை வேளை முதல் மிதி எப்படிப் போகுமோ அப்படி, சொன்னபடி கேட்டுக்கொண்டு அடி வரைக்கும் போயிற்று. பிடித்து வைத்தேன், நின்றது. விட்டேன், மெல்ல மேலே வந்தது. இன்னொரு தரம் மிதித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

"ண்ணா, எனக்கு இதான் வேணும்."

"ஏன், இதுல இன்னா ராசியக் கண்டுட்ட?"

சட்டென்று என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "கலரு நல்லா கீது. என் கல்யாணப் பொடவ கலரு."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஷெட்காரர்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். "மெய்யாலுமே பைத்தியமாடி நீ? கனம் இல்லாத பொருளு எதுக்காவும்? ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். கனமான பொடவய எப்பண்ணா கட்டறோம்? கல்யாணத்துக்குத்தானே? தெனம் கட்டிகினு வேல செய்யறதுக்கு லேசானதத்தானே எடுக்கறோம்? இத இன்னா கல்யாணத்துக்கா வாங்கறோம்?"

புடவை வியாபாரத்தில் அவரே ஆயிரம் பேரிடம் சொல்லி விற்ற பேச்சு அது. அண்ணன் இவரைப் பார்த்து, "இன்னா மாப்ள சொல்ற? அவ கூத்தடிக்கறா, நீ சொம்மா நின்னுகினு கீற?" என்றார்.

நான் இறங்கி இவர் பக்கத்தில் போனேன். "ஏங்க, ஒரு ரவுண்டு ஓட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கையை ஊன்றி ஏறி உட்கார்ந்தார். என் பார்வை முழுக்க அந்த இடது கால் மேல்தான். பாதத்தை மிதியில் வைத்தார். முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அழுத்தினார். கியர் விழுந்தது. வண்டி குலுங்காமல் கிளம்பி, ஷெட்டை விட்டு வெளியே போய், ரோட்டோரப் பொட்டலில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. விழுந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. "மாப்ள கையில நல்லாத்தான் ஓடுது" என்று முனகிக்கொண்டே அண்ணன் பேனாவைத் தேடினார்.

வண்டி ஊருக்கு வந்த அன்று சிரித்தார்கள்தான். சேடை ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. ஊருக்குள் இருந்த ஒரு சிவப்பு வண்டி ஏரிக்குக் கீழே இருக்கும் கழனியில் இறங்கிப் புதைந்து மாடு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. எங்களுடையது சேற்றின் மேலேயே தட்டிக்கொண்டு போயிற்று. அடுத்த வருஷம் சின்ன வண்டிக்கும் டீக்கடையில் ஒரு கட்சி பிறந்துவிட்டது. அந்த வண்டி பல வருஷம் உழைத்தது. இப்போது அதுவும் இல்லை, அவரும் இல்லை. அதன் சத்தம் மட்டும் எப்போதாவது காதில் கேட்கிறது, எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன், வேறு யாராவது போய்க்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சொந்தக் கழனியில் முதல் சேடை ஓட்டிய அன்று, மத்தியானத்துக்கு மேல் பம்புசெட் தொட்டியில் கால் கழுவிக்கொண்டு திட்டில் உட்கார்ந்தார். நான் சோறு கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். அப்புறம் கேட்டார்.

"மே, அந்தச் செவப்பு வண்டி கிளச்சு எப்படி இருந்துச்சி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த கிளச்சு?" என்றேன்.

"ராசி பாக்கறவ எவளாவது எடது காலால மிதிப்பாளா?"

இனி மறைத்து என்ன? "கல்லுங்க. என் காலுக்கே அசையல" என்றேன்.

தலையை ஆட்டினார். "அன்னிக்குக் காலையில பஸ் ஏறறதுக்கு முன்னாடியே, நெலத்த வாரத்துக்கு எடுத்துக்கடான்னு ஒருத்தன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். எப்படியும் என்னால ஓட்ட முடியாதுன்னு நெனச்சிகினுதான் வந்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லியிருந்தா இன்னாங்க கொறைஞ்சி போயிருக்கும்? கட்டினவகிட்டகூடச் சொல்லக்கூடாத அளவுக்கு அது இன்னா ராஜ ரகசியமா? ஊர் முன்னாடி நான் டிராக்டர் மேல ஏறிக் கூத்தாடணுமா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. இவர் வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றி, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"வலிக்குது மே" என்றார்.